சிங்கப்பூர் டெலிவிஷனில் களவுபோன பதில்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், கையால் அடித்து அணைக்கிறேன். வேதப் புத்தகத்தை நீட்டுங்கள், தொட்டுச் சொல்கிறேன். இரண்டிலும் நம்பிக்கை இல்லாதவர்கள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை.

1966, பிப்ரவரி. திங்கட்கிழமை காலை 9.15.

திண்டுக்கல் நகரக் காவல் நிலையத்தில் ஏட்டு பெருமாள்சாமி பல்வலியோடு உட்கார்ந்திருந்தார். கீழ்த்தாடையில் கடைசிப் பல். கிராம்பு வைத்துப் பார்த்தார், புகையிலை வைத்துப் பார்த்தார், பல்லை முறைத்துக்கூடப் பார்த்தார். அடங்கவில்லை. மூன்று நாளாக அவர் கோபத்துக்குப் பயந்து நிலையத்துக் கூரைக் காக்கைகள் பக்கத்துத் தபாலாபீஸுக்குக் குடிபோய்விட்டன. தட்டாங்கிணற்றுச் சந்து மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடித்ததும் தூக்குச்சட்டியைத் திறப்பது அவருடைய இருபது வருஷப் பழக்கம். இந்த மூன்று நாளும் மணி அடித்தது, வாய் ஊறியது, தூக்குச்சட்டி மூடியே இருந்தது. அந்த ஆத்திரமும் சேர்ந்திருந்த வேளையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் உளுந்து மாவு காய்ந்திருந்தது.

"களவு போயிருச்சு ஏட்டையா. எழுதிக்கங்க."

"என்ன களவு?"

"பதில்."

"என்ன பதில்?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வாரேன்?"

சப் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "பெருமாள்சாமி, காணாமல்போன பதிலோட நிறம், எடை, அங்க அடையாளம் எல்லாம் கேட்டு எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். பெருமாள்சாமி அவர் போன திசையையும் முறைத்தார்.

அந்தப் பெண்ணின் பின்னால் சட்டை கிழிந்த ஓர் ஆள் நின்றார். மைக் செட் சோலைமலை. ஊரில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த ஒரே மனிதர். ஜெர்மன் பெட்டி. அதற்குத் தினமும் ஊதுபத்தி காட்டுவார்.

"என் பெட்டிய இவுக வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க ஏட்டையா" என்றார். "என் பெட்டி பதிலத் தின்னுருச்சாம். பெட்டி என்ன ஆட்டுக்குட்டியா?"

"நீ செத்த நேரம் சும்மா இரு. ஏம்மா, நீ சொல்லு. மொதல்லேர்ந்து."

அவள் பெயர் ஆனந்தமேரி. சொந்த ஊர் வடமதுரைப் பக்கம். கணவன் சிலுவைமுத்து கல்யாணமான மறு வருஷம் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். ஆறு வருஷமாயிற்று, திரும்பவில்லை. அவனுக்கும் எழுத்து தெரியாது, அவளுக்கும் தெரியாது. அங்கே யாரோ எழுதித் தருவார்கள். இங்கே அவனுடைய அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் வாசித்துச் சொல்வார். கோயில் உபதேசியார் அவர். வாசிப்பில் ஒரு கமா தவறாது. அவர் வாசித்த கடிதங்களில் சிலுவைமுத்துவின் பேச்சு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போயிற்று. போன வருஷம் வாசித்ததில், அவன் அங்கேயே ஒரு மலாய்க்காரியோடு குடும்பமாகிவிட்டதாக வந்தது.

போன வாரம் கப்பலில் வந்த ஒருவர், வழியில் இறங்கி, ஒரு டேப் சுருளைக் கொடுத்துவிட்டுப் போனார். சிங்கப்பூர் டெலிவிஷனில் தமிழ்ப் பகுதியில் துறைமுகத் தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தார்களாம். சிலுவைமுத்துவையும் எடுத்தார்களாம். அவன் டெலிவிஷன் நிலையத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் அறையில் இருந்த ஒருவர் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்து அந்தச் சத்தத்தை டேப்பில் பிடித்துவிட்டார். படம் இல்லாத டெலிவிஷன்.

"கடுதாசின்னா இன்னொருத்தர் வாசிக்கணும் ஏட்டையா" என்றாள் ஆனந்தமேரி. "இது அவர் வாய். யாரும் வாசிக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சந்தே கூடிவிட்டது. திண்டுக்கல்லில் டெலிவிஷனைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை, காதால் கேட்டவரும் இல்லை. பலபேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெட்டை நல்லுசாமி முன்னால் உட்கார்ந்துகொண்டு மறைக்கிறான் என்று பின்னாலிருந்தவர்கள் சண்டைக்குப் போனார்கள். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்த பிறகுதான் சோலைமலை பெட்டியை ஓட்டினார்.

சிலுவைமுத்து பேசினான். கப்பலைப் பற்றி, மூட்டையைப் பற்றி, அங்கே கிடைக்கும் வெஞ்சனத்தைப் பற்றி. பிறகு பேட்டி எடுத்தவர் கேட்டார்: "ஊரில் குடும்பமெல்லாம்?"

"அங்கதான் ஏட்டையா களவு" என்றாள். "ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அதுக்கு மேல வேற பேச்சு வந்திருச்சு. நானும் ஒழுங்காக் கேக்கல. சரியா அந்நேரம் பாத்து கோயில் மணி அடிச்சு, எல்லாரும் எந்திரிச்சு செபம் சொல்லி உக்காந்தோம். அம்புட்டுத்தான். பெரியத்தான், அதான் உபதேசியார், உடனே எந்திரிச்சு, 'கேட்டாச்சுல்ல? பொண்டாட்டி பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரல. இனி மேரி நம்ம வீட்டோட கெடக்கட்டும், நான் சோறு போடுறேன்'னு சொல்லி டேப்பை நிப்பாட்டச் சொல்லிட்டார். எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அந்த வீட்டுல அவருக்கும் சேத்துச் சோறு வடிக்கிறது நான்."

"ஒருவேளை ஒன் புருஷன் நிசமாவே பேசாம இருந்திருந்தா?"

ஆனந்தமேரி அவரைப் பார்த்த பார்வையில் பல்வலி ஒரு கணம் நின்றது.

"அவருக்குப் பேச்சை நிறுத்தத் தெரியாது ஏட்டையா. தாலி கட்டும்போதே சாமியார்ட்ட பேச்சுக் குடுத்தவர். ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்னா, யாரோ வாயை அடைச்சிருக்காங்க. எவன்னு கண்டுபிடிங்க. இல்லைன்னா நான் கண்டுபிடிப்பேன். அப்பறம் நீங்க வேற கேசு எழுத வேண்டியிருக்கும்."

பெருமாள்சாமி தொப்பியை எடுத்தார்.

காலை 10.30. தட்டாங்கிணற்றுச் சந்து.

முன்னறையின் கதவில் மாங்காய் அளவுக்குப் பூட்டு. உள்ளூர்ப் பூட்டுதான். அதை உடைக்க முடியாது என்பார்கள். உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாவி பக்கத்திலேயே, திரு இருதயப் படத்துக்குக் கீழே, ஆணியில் தொங்கியது.

ஸ்தனிஸ்லாஸ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. அவர் மனைவி அமலராணி பெஞ்சில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு இடுப்பு வலி. ஆனந்தமேரி மருமகளாக வந்த அன்று தொடங்கிய வலி, ஏழு வருஷமாக ஒரு பாத்திரம் தூக்க விடவில்லை. போலீஸைப் பார்க்க வந்த தெரு ஜனம் வாசலை அடைத்து நின்றது. நல்லுசாமி இன்றைக்குத் தானாகவே குனிந்து உட்கார்ந்தான்.

"போட்டுக் காட்டு" என்றார் பெருமாள்சாமி.

சோலைமலை பொத்தானை அமுக்கினார். சுருள் சுற்றியது.

முதலில் வந்தது பேச்சு அல்ல. ஒரு மின்விசிறி. சிங்கப்பூர் அறையின் விசிறி, எண்ணெய் காணாத விசிறி, கறக் கறக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியது. ஒவ்வொரு கறக்கும் பெருமாள்சாமியின் கடைசிப் பல்லில் வந்து இறங்கியது. அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். விசிறிக்கு மேலே சிலுவைமுத்து மூட்டை தூக்கினான், கப்பல் ஏறினான், வெஞ்சனம் சாப்பிட்டான். கறக், கறக்.

"ஊரில் குடும்பமெல்லாம்?"

அமைதி.

பெருமாள்சாமி தாடையிலிருந்து கையை எடுத்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் விரிந்தது. அந்த நேரம் மணி அடித்தது. மும்மூன்று அடியாக, விரிசல் விட்ட சத்தத்தோடு. அறையில் இருந்தவர்கள் மளமளவென்று எழுந்தார்கள், சிலுவை போட்டார்கள், உதடுகள் முணுமுணுத்தன. அமலராணிகூட இடுப்பு வலியை மறந்து எழுந்தாள். சோலைமலையும் ஏட்டும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பெருமாள்சாமிக்கு வாய் ஊறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுளித்து அதை உதறினார். காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெட்டியில் பேட்டி எடுத்தவர் "கேட்க ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லி, சம்பளம் கட்டுப்படியாகிறதா என்று கேட்டார். கறக், கறக். பெருமாள்சாமியின் கை மறுபடி தாடைக்குப் போயிற்று.

"போதும். நிறுத்து."

"கேட்டீங்கள்ல?" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "என் தம்பிதான். ஆனாலும் சொல்றேன், அவன் செஞ்சது பாவம். இவள அலைய விடாதீங்க. வீட்டோட இருக்கட்டும்."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்றார் பெருமாள்சாமி. "ஒவ்வொருத்தரா வாங்க."

முதலில் சோலைமலை.

"பெட்டி எப்ப இந்த வீட்டுக்கு வந்துச்சு?"

"சனிக்கெழம ராத்திரி ஏழு மணி வாக்குல. ஞாயித்துக்கெழம காலைல எனக்கு வத்தலக்குண்டுல கல்யாண வேலை. அதான் மொத நாளே கொண்டாந்து வச்சிட்டேன்."

"ஞாயித்துக்கெழம எந்நேரம் திரும்புன?"

"மூணே முக்கால். மதியம் முச்சூடும் அங்க பாட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன். நான் அங்க இருந்ததுக்கு வத்தலக்குண்டே சாட்சி ஏட்டையா. காது கேக்காத ஒருத்தர் வந்து சத்தத்தைக் கொறைக்கச் சொன்னாரு."

"டேப்புல இருக்கிறத அழிக்கணும்னா நீ எப்படி அழிப்ப?"

சோலைமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஏன் அழிக்கிறேன்?"

"ஏலே, அழிச்சன்னு சொல்லல. எப்படி அழிப்பன்னு கேட்டேன்."

"மைக்கைப் பிடுங்கிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கி ஓட்டணும். பழசு போயிரும். சுத்தமா இருக்கும்."

"மைக்கைப் பிடுங்கலன்னா?"

"அறையில என்ன சத்தமோ அது ஏறிக்கிரும்."

"சிவப்புப் பொத்தான் விஷயம் இந்த வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். சனிக்கெழமையே ஆளாளுக்குப் பேரைச் சொல்லச் சொல்லி, வேற டேப்புல ஏத்திப் போட்டுக் காட்டுனேன். ஒருக்க தப்பாச் சொன்னா அதுக்கு மேலயே திருப்பிச் சொல்லலாம்னு சொன்னேன். அன்னிக்கு மைக்கு மாட்டியே இருந்துச்சு."

அடுத்தது அமலராணி.

"நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"பெஞ்சு கேட்டு வர, பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். இந்த இடுப்போட."

"மணி அடிச்சப்போ?"

"அவுக வீட்டம்மாவும் நானும் சேந்துதான் செபம் சொன்னோம். கேட்டுப் பாருங்க."

ஆனந்தமேரி.

"நீ?"

"அடுப்படி. தெருவுக்கே சுண்டல், காப்பி. மணி அடிச்சப்போ கை முச்சூடும் மாவு. மாவுக் கையாலயே சிலுவை போட்டேன்."

"முன்னறையில ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"ஆட்டுரல் சுத்தும்போது சங்கு ஊதினாலும் கேக்காது."

ஸ்தனிஸ்லாஸ்.

"உபதேசியாரே, நேத்து நடுப்பகல்?"

"கோயில்ல. பூசை முடிஞ்சு பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம். அப்பறம் தனியா இருந்து செபம்."

"மணி அடிச்சப்போ?"

"பீடத்துக்கு முன்னால நின்னேன். முப்பது வருஷமா மணி அடிச்சா நின்ன இடத்துல நின்னு சொல்ற செபம். ஒருநாள் விட்டதில்ல."

"ஒருநாள் கூட?"

"ஒருநாள் கூட."

"நல்லது" என்றார் பெருமாள்சாமி. அவர் யாரிடமும் நல்லது என்று சொன்னதாக நிலையத்தில் ஒரு பதிவும் கிடையாது.

பிறகு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் போகவிடவில்லை. ஜனம் அலுத்துப்போய் கொட்டாவி விட்டது.

நண்பகல் 12.00.

தெருக்கோடியில் கோயில் மணி அடித்தது. மும்மூன்று அடியாக, விரிசல் விட்ட சத்தத்தோடு. அறையே எழுந்தது, சிலுவை போட்டது, முணுமுணுத்தது, உட்கார்ந்தது.

"இது இன்னிக்கு எத்தனாவது மணி?" என்று கேட்டார் பெருமாள்சாமி.

"ரெண்டாவது" என்றாள் அமலராணி. "காலைல ஆறு மணிக்கு ஒண்ணு. இப்ப ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு மூணுதான்."

"அப்ப செத்த முன்னாடி, பதினோரு மணிக்குள்ள, எதுக்கு எல்லாரும் எந்திரிச்சீங்க?"

பெருமாள்சாமி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நேத்து நாலு மணிக்கு மேல எதுக்கு எந்திரிச்சீங்க?"

நல்லுசாமி மெல்ல நிமிர்ந்தான். "மணி அடிச்சுச்சே."

"எங்க அடிச்சுச்சு?"

எல்லாத் தலைகளும் ஒன்றாக டேப் ரிக்கார்டர் பக்கம் திரும்பின.

பெருமாள்சாமி எழுந்தார். "எனக்கும் வாய் ஊறுச்சு. தூக்குச்சட்டி எங்கன்னு கை தேடுச்சு. அப்பறம் கடிகாரத்தைப் பாத்தா மணி பத்து அம்பது. இருவது வருஷமா அந்த ஓட்டை மணிக்குத்தான் நான் சோறு திங்கிறேன். உங்களுக்கு ஒடம்பு எந்திரிச்சிருது, எனக்கு வாய் ஊறிருது. நம்ம எல்லாரையும் இந்தப் பெட்டி ஏமாத்திருச்சு. சிங்கப்பூர்ல எடுத்த டேப்புல தட்டாங்கிணத்துச் சந்து மணி எப்படி வந்துச்சு?"

சோலைமலை தலையில் அடித்துக்கொண்டார். "மைக்கைப் பிடுங்காம அழிச்சிருக்கான்."

"அழிச்சிருக்கான். ஒன் புருஷன் பேசாம இருக்கல தாயி. ஒரு ஆளு வாயை மூடினா மூடட்டும், விசிறி எதுக்கு மூடுது? பேச்சு போன அந்த ஒரு நிமிஷம் கறக் கறக்குச் சத்தமும் போயிருச்சு. இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, என் பல்லு. மூணு நாள்ல அந்த ஒரு நிமிஷந்தான் இது வலிக்காம இருந்துச்சு. அது போக, பேட்டி எடுத்தவன் 'கேட்க ரொம்பச் சந்தோஷம்'னு சொல்றான். பொண்டாட்டியப் பத்திக் கேட்டதுக்கு ஒருத்தன் வாயே தெறக்கலன்னா, எவனாவது சந்தோஷம்னு சொல்லுவானா?"

ஆனந்தமேரி அழவில்லை. பற்களைக் கடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"எப்ப அழிச்சது? பெட்டி சனிக்கெழம சாயங்கால மணிக்கு அப்பறம் வந்துச்சு. ஞாயித்துக்கெழம காலை ஆறு மணிக்கு?"

"எல்லாரும் மொதப் பூசையில இருந்தோம்" என்றாள் அமலராணி. "நான், மேரி, இவுக, பிள்ளைக எல்லாரும் ஒரே வரிசையில."

"நாலு மணிக்கு டேப்பைப் போட்டாச்சு. அப்ப மிஞ்சுறது நேத்து நடுப்பகல் மணி ஒண்ணுதான். அந்நேரம் சோலைமலை வத்தலக்குண்டுல ஊரைச் செவிடாக்கிக்கிட்டிருந்தான். அவனா இருந்தா மைக்கையும் பிடுங்கியிருப்பான். அமலராணியம்மா வாத்தியார் வீடு. மேரி ஆட்டுரல். தன் புருஷன் பதிலத் தானே அழிச்சிட்டுப் போலீசுக்கு வர அவளுக்கு என்ன பைத்தியமா?"

ஸ்தனிஸ்லாஸ் துண்டைச் சரி செய்தார். "நான் கோயில்ல இருந்தேன்னு சொன்னேனே. பாத்த சாட்சி வேணும்னா ஆண்டவர் இருக்கார்."

"அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. அதனால வேற சாட்சி வச்சிருக்கேன். நல்லுசாமி, அந்தத் தண்ணிக் கொடத்தை எடுத்துட்டு வா."

குடம் வந்தது. ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது என்பது ஏட்டின் உத்தரவு. அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கன்னம் உப்பியது. தெருவில் நின்றவர்களும் ஆசைப்பட்டு வாங்கி அடக்கிக்கொண்டார்கள். உபதேசியார் தயங்கினார். அமலராணியே தம்ளரை அவர் வாயில் வைத்துச் சாய்த்தாள்.

"இந்த டேப்பை ரெண்டு தரம் போட்டாச்சு" என்றார் பெருமாள்சாமி. "ரெண்டு தரமும் அந்த எடத்துல அறை முச்சூடும் முணுமுணுத்துச்சு. அதனால பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் கேக்கல. சோலைமலை, போடு. சத்தம் முழுசா வை."

"ஊரில் குடும்பமெல்லாம்?"

விசிறி நின்றது. அமைதி. மணி அடித்தது. ஜனம் எழுந்து சிலுவை போட்டது. கை யார் சொல்லையும் கேட்கவில்லை. ஆனால் வாய்களில் தண்ணீர். ஒரு முணுமுணுப்பும் எழவில்லை.

அந்த அமைதியில், விரிசல் மணிக்கு அடியில், பெட்டி செபம் சொல்லத் தொடங்கியது. தெளிவான உச்சரிப்பு. ஒரு கமா தவறவில்லை. முப்பது வருஷமாக அந்தத் தெரு கேட்ட குரல். உப்பிய கன்னங்களோடு நின்றுகொண்டிருந்தார் ஸ்தனிஸ்லாஸ், பெட்டிக்குள்ளிருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார் ஸ்தனிஸ்லாஸ்.

செபம் முடிவதற்குள் அவர் தண்ணீரை விழுங்கிவிட்டார்.

"ஒருநாள் விட்டதில்லன்னீரே" என்றார் பெருமாள்சாமி. "களவாங்கும்போதும் விடல. நேத்து எல்லாருக்கும் முன்னால ரகசியமா ஒருக்கப் போட்டுக் கேட்டிருக்கீரு. தம்பி சொன்ன பதில் உமக்கு ஆகல. அந்த எடத்துக்குச் சுத்திக் கொண்டுவந்து, சோலைமலை காட்டுன மாதிரியே, மைக்கு மாட்டினபடியே சிவப்புப் பொத்தானை அமுக்கினீரு. மணி அடிச்சிருச்சு. வாய் தானா ஓடிருச்சு. நீர் செபம் சொன்னது உமக்கே தெரியாது. மூச்சு விடுறது தெரியுமா நமக்கு?"

ஆனந்தமேரி வாயிலிருந்த தண்ணீரை வாசலில் துப்பினாள். மூத்தார் முன்னால் வந்து நின்றாள். ஏழு வருஷத்தில் அவர் முகத்தை நேராக நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவர் என்ன சொன்னார்?"

"மேரி..."

"இந்த ஊர்ல அதைக் கேட்ட ஒரே காது உங்க காது. என்ன சொன்னார்?"

ஸ்தனிஸ்லாஸ் தரையைப் பார்த்துச் சொன்னார். குரலில் செபத்தின் தெளிவு இல்லை.

"'ஊர்ல என் வீட்டுக்காரி ஆனந்தமேரி இருக்கா'ன்னான். 'வருஷா வருஷம் அவளை அனுப்பி வைங்கன்னு அண்ணனுக்கு எழுதுறேன், கடலுக்குப் பயந்து வரமாட்டேங்கிறாள்னு பதில் வருது'ன்னான். 'மேரி, ஒன் காதுல இது விழுந்தா, பயப்படாத, கப்பல் பெருசு, ஆடாது'ன்னான்."

தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரைத் துப்பினார்கள். யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. எல்லாம் உபதேசியார் வாசலில் விழுந்தது.

"நான் கடலைப் பாத்ததே இல்ல" என்றாள் ஆனந்தமேரி. "பாக்காத கடலுக்கு என்னைப் பயப்பட வச்சீங்க. இல்லாத மலாய்க்காரியை அவருக்குக் கட்டி வச்சீங்க. எதுக்கு பெரியத்தான்?"

அமலராணிதான் சொன்னாள், பெஞ்சிலிருந்து எழாமலே: "நீ போயிட்டா, இந்த வீட்டு ஒலைய யாரு வைப்பா?"

அதில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. நேர்மையான கேள்வி என்றே அவள் நினைத்தாள். பெருமாள்சாமிக்கு வந்த கோபத்தில் பல்வலியே பின்வாங்கியது.

"ஆறு வருஷம்" என்றாள் ஆனந்தமேரி. "ஒரு ஆட்டுரலுக்காக ஆறு வருஷம்."

ஸ்தனிஸ்லாஸ் கைகூப்பினார். "அவன் சொன்னதை அப்படியே சொல்லிட்டேன் மேரி. ஆண்டவர் மேல ஆணையா ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல. மன்னிச்சிரு."



"இதையும் நீங்கதான வாசிக்கிறீங்க" என்றாள் ஆனந்தமேரி.



"எனக்கு உங்க வாயில வந்த பதில் வேணாம். நான் போய் அவர் வாயிலயே கேட்டுக்கிறேன்."

சோலைமலை டேப் சுருளைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, மஞ்சள் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏ மேரி" என்றாள் அமலராணி. "ஒரல்ல மாவு பாதியில கெடக்கு."

"பெரியத்தான் வாய்தான் சும்மா இருக்காதே. கையும் சும்மா இருக்க வேணாம்."

ஒரு நிமிஷத்தைத் திருடியதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அதனால் கேஸ் எழுதவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணி மணி அடிக்கும்வரை ஏட்டு பெருமாள்சாமி அந்த வீட்டுப் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உபதேசியார் மாவு ஆட்டினார். கட்டி இருக்கிறது என்று மூன்று முறை திரும்ப ஆட்டச் சொன்னார் ஏட்டு. ஆனந்தமேரியின் பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வந்தபோதும் அவரேதான் போய் விசாரித்தார். "இந்தப் பெண்ணுக்குக் கடல் பயம் இல்லை" என்று தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். நாகப்பட்டினத்தில் அவள் கப்பல் ஏறினாள். இறங்கிய இடத்தில் சிலுவைமுத்து அழிந்துபோன பதிலைத் திரும்பச் சொல்லத் தொடங்கி, மறுநாள் விடிந்த பிறகுதான் நிறுத்தினான் என்று கேள்வி.

பெருமாள்சாமி பல்லைப் பிடுங்கிவிட்டு, அந்த மாதா கோயில் நடுப்பகல் மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து, ஓய்வு பெறும்வரை நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்தக் கோயிலுக்கு முதன்முதலாக மணி வாங்கியதே 1969-இல். என் மூக்குக் கண்ணாடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.